இறங்கி வந்தவனுக்கு நாலு வழி

பின் சீட்டில் இருந்த அமெரிக்கன் மறுபடியும் போனை எடுத்தான். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்ததுமே கார்மேகத்துக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கும் அதே புலம்பல்தான். ட்ரெவர் என்று பெயர். கால்பந்து ஆடுகிறவன். ஜெர்மனியில் அவன் ஆடிய கிளப் போன சீசனில் தோற்றுத் தோற்று முதல் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டதாம். கிளப் இறங்கினால் ஆட்டக்காரன் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். வளைகுடாவில் அல் ஐனுக்கு வெளியே புதிதாகத் தலையெடுத்திருந்த கிளப் ஒன்று, வந்து பார், பிடித்திருந்தால் கையெழுத்துப் போடு என்று டிக்கெட் அனுப்பி அவனை வரவழைத்திருந்தது. விமான நிலையத்தில் ஏற்றியதிலிருந்து அவனுக்கு டிரைவர் கார்மேகம்தான்.

பெரிய பள்ளிக்கூட இங்கிலீஷ் இல்லாவிட்டாலும் வருஷக்கணக்காகப் பின் சீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது தேறியிருந்தது. ட்ரெவருக்கு நாலு வழி இருந்தது. ஜெர்மனியிலேயே இருந்து கிளப்பை மேலே ஏற்றிவிடலாம். இங்கிலாந்தில் ஒரு கிளப் கூப்பிடுகிறது. சொந்த ஊருக்கே போய் ஆடினால் பெண்டாட்டிக்குச் சந்தோஷம். இல்லை, இங்கே வரலாம். இந்த நாலில் எதை எடுப்பது என்று தெரியாமல் மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். நான் விழுந்துவிட்டேன், விழுந்துவிட்டேன் என்று ஏஜெண்டிடம் ஒரே அங்கலாய்ப்பு. கார்மேகத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. விழுந்தவனை நாலு பக்கமும் கை நீட்டித் தாங்க வருகிறார்கள். இதற்குப் பேர் விழுவதாம்.

கார்மேகமும்தான் இறங்கிக்கொண்டிருந்தான். அவனை வேலைக்கு வைத்திருந்த வாடகைக் கார் கம்பெனிக்குக் கிளப்பின் கான்ட்ராக்ட் கைவிட்டுப் போயிருந்தது. மாதக் கடைசியில் டிரைவர்களையெல்லாம் விசா கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பப்போகிறார்கள். விசா எடுத்துக் கொடுத்த முதலாளியான கஃபீல் ரிலீஸ் கொடுத்தால்தான் இன்னொரு வேலைக்குத் தாவலாம், அந்த மனிதரோ யாருக்கும் கொடுப்பதாக இல்லை. கிளப் ஆபீஸ் மேனேஜர் அனந்தகிருஷ்ணன் சார்தான் ஒரு வார்த்தை சொன்னார். கிளப்பே கேட்டால் கஃபீல் மறுக்கமாட்டார். ஆனால் கிளப்புக்குத் தனியாக ஒரு டிரைவர் எதற்கு என்று மேலே கேட்பார்கள். அமெரிக்கன் கையெழுத்துப் போட்டால் காரணம் கிடைத்துவிடும்.

"இந்த ஊர்ல லைசன்ஸ் எடுக்கறது உனக்குத் தெரியாததா? அவன் கிளாஸ் போய், டெஸ்ட் போய், தேறி வர்றதுக்குள்ள சீசனே முடிஞ்சிடும். அதுவரைக்கும் டிரைவர் இல்லாம எப்படி?" என்றார் அவர்.

கார்மேகத்துக்குத் தெரியாதா என்ன. பரமக்குடியில் லாரி ஓட்டியவன் அவன். இங்கே வந்து ஏழாவது டெஸ்ட்டில்தான் பாஸானான். ஒவ்வொரு முறையும் பக்கத்து சீட்டில் இருக்கும் போலீஸ்காரர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, கலாஸ், முடிந்தது, இறங்கு என்பார். காரணம் சொல்லமாட்டார். அனந்தகிருஷ்ணன் சாரே ஐந்து முறை போனவர். கிளப்புக்கு முன்பு வந்த பிரேசில்காரனும் கானாக்காரனும் கடைசிவரை லைசன்ஸ் எடுக்காமலே போய்விட்டார்கள். ஆகவே இந்தக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கிளப் விசா கிடைத்தால் வருஷத்துக்கு ஒருமுறை லீவு. வெள்ளிக்கிழமை போனில் ஊரிலிருந்த பெண்டாட்டி நாகவள்ளியிடம் சொல்லியும்விட்டான். அடுத்த வெள்ளிக்குள் அது தெரு முழுக்கப் போய், அவளுடைய அண்ணன் எதற்குமே விசாரிக்காதவன் இதற்கு விசாரித்திருந்தான்.

ஆக, கார்மேகத்துக்கு இருந்தது ஒரே கதவு. அதன் கைப்பிடியோ பின் சீட்டில் உட்கார்ந்து புலம்புகிறவன் கையில். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ரூமில் வீரபாண்டியிடம் இரண்டு நாள் அதையே பேசினான். அவனுக்குக் கால் ரெண்டும் இன்ஷூரன்ஸாம், குழந்தைக்கு எந்த ஸ்கூல்னு இப்பவே யோசனையாம் என்று அடுக்கிக்கொண்டே போனான். அடுப்பில் ரசத்தைக் கிளறிக்கொண்டிருந்த வீரபாண்டி, "மாப்ள, நீ அவனுக்கு வண்டி ஓட்டுறியா, இல்ல அவனக் கட்டிக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டதும் ரூமே சிரித்தது. கார்மேகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் ட்ரெவர் ஜெபல் ஹஃபீத் மலைக்குப் போகலாம் என்றான். உச்சியில் வண்டியை நிறுத்தினார்கள். கீழே ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. காற்று அடுப்பு வாய் மாதிரி இருந்தது. ட்ரெவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, இத்தனை நாளில் முதல் தடவையாகக் கார்மேகத்தின் பெயரைக் கேட்டான். அப்புறம், ஆபீஸ்காரர்கள் எல்லாம் நல்லதாகத்தான் சொல்வார்கள், நீ உண்மையைச் சொல், இது குடும்பத்தோடு இருக்கத் தகுந்த ஊரா, நீயாக இருந்தால் உன் பெண்டாட்டியை அழைத்து வருவாயா என்றான்.

கார்மேகத்தின் நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. எட்டுப் பேர் படுக்கும் ரூம். கஃபீலின் அலமாரியில் தூங்கும் பாஸ்போர்ட். பிறந்து இரண்டு வயதான பிறகுதான் பார்த்த மகள். ஒரு வாக்கியம் போதும், இவனைத் திருப்பி அனுப்பிவிடலாம். போகட்டுமே, நாலில் ஒன்றாவது இவனுக்கும் அடைபடட்டுமே என்று ஒரு நிமிஷம் ஆசையாகவே இருந்தது. அந்த ஆசை இனித்தது என்பதுதான் உண்மை.

"நல்ல ஊர் சார்," என்றான் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "ஸ்கூல், பார்க், எல்லாம் நல்லா. என் வொய்ஃப் கூட வர்றேன் வர்றேன்னு சொல்றா."

ட்ரெவர் அவன் தோளில் தட்டினான். பொய் சொன்ன வாய் அன்று ராத்திரி சோறு தின்னும்போதும் கசந்தது. ஆனால் ஏஜெண்டிடம் ட்ரெவர் பேசும்போது, என் டிரைவரே சொல்கிறான் என்று சொன்னதை அவன் காதால் கேட்டான்.

கையெழுத்தாயிற்று. போன வேகத்தில் திரும்பி வந்தான் ட்ரெவர். மெடிக்கல் ஒரு நாள், விசா ஒரு நாள். கிளப் ஆளென்றால் எல்லாம் யல்லா யல்லா, சீக்கிரம் சீக்கிரம்தான். மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அனந்தகிருஷ்ணன் சார் போன் செய்து, அவனை டிராஃபிக் ஆபீஸுக்குக் கூட்டிப்போ என்றார். லைசன்ஸுக்கு ஃபைல் திறக்கப்போகிறான், பாவம், ஆரம்பிக்கட்டும் என்று கார்மேகம் நினைத்துக்கொண்டான். அந்தப் பாவத்தில் கொஞ்சம் குஷியும் இருந்தது. அந்தப் போலீஸ்காரர் இவனைப் பார்த்து கலாஸ் சொல்லும்போது முகம் எப்படிப் போகும் என்று வழியெல்லாம் யோசித்தபடி ஓட்டினான்.

கண் பரிசோதனை செய்தார்கள். போட்டோ எடுத்தார்கள். கார்மேகம் வெளி பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் ட்ரெவர் சிரித்துக்கொண்டே வந்துவிட்டான். கையில் புது லைசன்ஸ். அமெரிக்க லைசன்ஸைக் காட்டினால் போதுமாம், மாற்றிக் கொடுத்துவிடுவார்களாம். கார்மேகம் எழுந்து தள்ளிப்போய் அனந்தகிருஷ்ணன் சாருக்கு போன் போட்டான்.

"சார், டெஸ்டே இல்லையாம் சார். குடுத்துட்டாங்க."

"எனக்குத் தெரியாதுப்பா. எல்லாருக்கும் நம்மள மாதிரிதான்னு நெனச்சேன்."

"அப்ப என் ரிலீஸு?"

"கிளப்ல அவனுக்குக் கார் குடுக்கறாங்க. பாக்கறேன்ப்பா."

பாக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று கார்மேகத்துக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது ட்ரெவர் டிரைவர் பக்கக் கதவருகே நின்று, விளையாட்டுப் பிள்ளை மாதிரி கையை நீட்டிச் சாவி கேட்டான். ஜெர்மனியை விட்டு வந்ததிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவே இல்லையாம், ஏங்கிப்போய்விட்டானாம். இனிமேல் உனக்குத் தொந்தரவு கொடுக்கமாட்டேன் என்று நன்றியாகவே சொன்னான். கார்மேகம் சாவியைக் கொடுத்தான். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. முன் பக்கம் போகக் கால் வராமல், பின் கதவைத் திறந்து ட்ரெவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். சீட் மெத்தென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் அவன் உட்கார்ந்ததே இல்லை.

ட்ரெவர் நன்றாகத்தான் ஓட்டினான். ஆனால் அல் ஐனில் எங்கே திரும்பினாலும் ரவுண்டானா. பெரிய ரவுண்டானா ஒன்றில் நுழைந்ததும் தடுமாறி வேகத்தைக் குறைத்தான். பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. கண்ணாடி வழியாகக் கார்மேகத்தைப் பார்த்து, "எந்தப் பக்கம்?" என்றான்.

கார்மேகத்துக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வழி தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. நாலு சாலைகளும் ஒவ்வொன்றாக ஜன்னலருகே வந்து திறந்து விலகிப்போயின. பின் சீட்டில், பிரேக் இல்லாத இடத்தில், கார்மேகத்தின் வலது கால் கீழே கிடந்த மிதியடியை அழுத்திக்கொண்டே இருந்தது.