பாம்புக் காது

முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன். கம்பெனியிலும் வெளியிலும் எனக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது. ஓடுகிற மோட்டார் மேல் திருப்புளியின் முனையை வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டினால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பீற்றிக்கொள்ளவில்லை, அப்படித்தான் இருந்தது.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடித் தையற்காரம்மா புகார் கொடுத்தார். லிஃப்ட் மேலே போகும்போது மெல்லிசாக விசில் அடிக்கிறதாம். போய்த் திருப்புளி வைத்துப் பார்த்தேன். மோட்டார் சமர்த்தாக ஓடியது. மறுவாரமும் புகார், அதற்கடுத்த வாரமும். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வேலைவிட்டு வந்த ஜனம் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தது. அத்தனை பேர் எதிரில் சொன்னேன்:

“விசில் லிஃப்டுல இல்லம்மா, உங்க காதுலதான் அடிக்குது. நல்ல டாக்டராப் பாருங்க.”

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பதிவேட்டில் ‘சத்தம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார்.

அடுத்த மாதம் கம்பெனியில் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள் ஒரு பெண். முதலில் கேட்டது. அப்புறம் ஒன்றையும் காணோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தோள் அசைகிறதா என்று பார்த்துப் பார்த்து அழுத்தினேன். இந்த வயதில் காப்பியடித்தேன்!

“ஐயா, பேனா விழுந்துச்சு, குனிஞ்சு எடுத்தேன். நான் இன்னும் சத்தமே போடலையே,” என்றாள்.

கீச்சென்ற சத்தங்கள் எனக்குக் கேட்காமல் போய்ச் சில வருடங்கள் ஆகியிருக்குமாம். வயதானால் வருவதுதான் என்று ஆறுதல் வேறு. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது.

நேரே அந்தக் கட்டடத்துக்குப் போய் லிஃப்டை நிறுத்தி, ‘பழுது’ என்று பலகை மாட்டிவிட்டுப் படியேறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் தையற்காரம்மா மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

“நீங்க சொன்னீங்கன்னு காதைக் காட்டிட்டேன். ஒண்ணுமில்லையாம்,” என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அப்ப மண்டையிலதான் ஏதோ கோளாறு போல. பயமா இருக்கு. வீட்டுல யாருகிட்டயும் சொல்லல.”

“அம்மா, உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் காது போச்சு.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இதை எங்கிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க? அன்னைக்குச் சிரிச்சவங்க ஆறு மணிக்கு வருவாங்க.”

மணி ஐந்தரை. நழுவிவிடலாம், பேரிங்கை நாளைக்கு வேறு யாராவது மாற்றட்டும் என்று கால் வாசல் பக்கமே இழுத்தது. ஆனாலும் கீழே இறங்கி லிஃப்ட் கதவருகே நின்றேன். ஒவ்வொருவராக வந்து பலகையைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

“என்ன பாம்புக்காது, இப்ப உனக்கும் விசில் கேக்குதா?” என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரிப்பதற்குத் தயாரானார்கள். தையற்காரம்மா படியில் நின்றுகொண்டிருந்தார்.

“கேக்கல,” என்றேன். “அன்னைக்கும் எனக்குத்தான் கேக்கல. அந்தம்மா சொன்னது நிஜம்.”

பின்னால் நின்ற ஒருவர், காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். மறுபடி சொன்னேன்.