அவளுடைய மூன்று விரல்

என் கணக்குத்தான் பிசகியிருக்க வேண்டும். இன்னொரு முறை அளந்தால் சரியாகிவிடும்.

“விரலை மறுபடி வை,” என்றேன்.

மல்லாந்து படுத்திருந்த நாத்தனார் மூன்று விரல்களைச் சேர்த்துத் தொப்புளை ஒட்டி வைத்தாள். அக்குபங்சரில் நோயாளியின் கைதான் அளவுகோல். அவளுடைய மூன்று விரல் முடிகிற இடம்தான் வயிற்றுக் கோளாறுக்கான புள்ளி.

இரண்டு மாதத்துக்கு முன், முதல் நாள், அந்த இடம் நேராக ஒரு மச்சத்தின் மேல் விழுந்தது. மச்சத்தில் குத்தக்கூடாதென்று நூலளவு தள்ளி ஊசி வைத்தேன். இன்று விரல்கள் முடிந்த பிறகும் மச்சம் எட்டத்தில் கிடந்தது.

“என்ன குண்டூசி அண்ணி, தொழில் மறந்துபோச்சா?”

பட்டப்பெயர் அவள் வைத்ததுதான். பத்து வருடம் அதைச் சொல்லிச் சிரித்தவள், வயிறு உப்புசம், பசியே இல்லை என்றதும் நேராக என்னிடம் வந்தாள். அந்தப் பெருமையில் மயங்கிப் போனேன். உப்புசம் குறைந்ததா என்று வாராவாரம் கேட்டேன். ஆளைப் பார்க்கவில்லை.

விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். சதை வற்றி எலும்பு தட்டியது; அளவுகோலே மெலிந்திருந்தது. மேலே சுருட்டியிருந்த சட்டையின் உள்பக்கம் தெரிந்தது. பழைய தையலுக்கு உள்ளே ஒரு தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று, புதுநூலில். அவள் தையல்காரி. ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறவள்.

“இதை எப்ப பிடிச்சே?”

“தொளதொளன்னு இருந்துச்சு.”

“ரெண்டு தடவையா?”

அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

“பொண்ணுக்கு இன்னும் மூணு வாரம் பரீட்சை இருக்கு அண்ணி. அது முடியட்டும். ஆஸ்பத்திரிக்குப் போனா எதையாவது சொல்லுவாங்க, அவ புத்தகத்தையே மூடிடுவா. அதுவரைக்கும் நீங்க குத்துங்க. குத்தின அன்னிக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிடறேன், நிஜமா. அண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க.”

ரெண்டு வாய் சாப்பிடுகிறாள் என்பது பொய்யில்லை. அதுதான் என்னை உறுத்தியது. அந்த ரெண்டு வாயை வைத்துத்தான் இரண்டு மாதத்தை ஓட்டியிருக்கிறோம், அவளும் நானும்.

ஊசியின் உறையைப் பிரித்து வைத்திருந்தேன். அவளுடைய மூன்று விரல்களும் இடத்தை விட்டு நகராமல் காத்திருந்தன. அவற்றை மெல்ல எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். மறுகையால் ஊசியைக் கழிவு டப்பாவில் போட்டேன்.

“குத்தமாட்டேன்மா,” என்றேன். “எழுந்திரு. நானும் கூட வர்றேன்.”