முப்பத்தொன்பது விநாடி ஜெபமாலை

மனித குலம் தூரத்தை வென்று ஒரே குரலில் பேசப்போகும் காலம், 1985 ஆகஸ்டு பதினைந்தாம் தேதி மாலை ஐந்தரைக்குச் சிராங்கூனில் தொடங்கும் என்று அற்புதராஜ் மாதா கோயிலின் பங்குப் பேரவையில் அறிவித்தார். அதற்கு நான்கு வாக்கி-டாக்கி போதும். பேட்டரி மட்டும் கோயில் வாங்கித் தர வேண்டும்.

கம்பியில்லா வலையில் ஒரு செய்தி கைமாறிக் கைமாறிப் போனால் எவ்வளவு தாமதமாகும் என்பது அவருடைய முதுகலை ஆய்வு. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. அலைவரிசை ஓயும்வரை காத்திருந்து, கேட்டதை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். செய்தி மூன்று முறை கைமாற முப்பத்தொன்பது விநாடி என்றது சூத்திரம். "அளந்து காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றிருந்தார் பேராசிரியர் பாலகிருஷ்ணன். கையெழுத்துக்காகக் காத்திருப்பது மூன்றாவது வருடம்.

பதினைந்தாம் தேதி மாதா பவனியில் தலைப்பக்கம் சொல்லும் ஜெபமாலை வால்பக்கம் கேட்காது. எனவே முன்னால் உபதேசியார் சூசைநாதன் நிமிடத்துக்கு ஒன்றாக 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். அதைக் கேட்டுப் பிலோமினம்மாள் சொல்ல, அவரைக் கேட்டு நடுவில் அற்புதராஜ் சொல்ல, வாலில் அவர் மனைவி பிரிஜட் கடிகாரம் பார்த்துக் குறிப்பார்.

பவனி முடிந்ததும் அற்புதராஜ் மனைவியின் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். ஐம்பத்து மூன்று மன்றாட்டு. எல்லாம் இருபத்திரண்டு விநாடி.

"சூத்திரத்தைவிட வேகமா எப்படிப் போகும்?"

"சின்னதா இருந்துச்சுலா. சட்டுனு வந்துடுச்சு" என்றார் பிரிஜட்.

கச்சாங் பூத்தே கடலையைக் கொறித்துக்கொண்டிருந்த பிலோமினம்மாளிடம் போனார்.

"அம்மா, உபதேசியார் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னீங்களா?"

"அதெப்படி தம்பி? அவரு 'அருள் நிறைந்த மரியே'ன்னா, நாம 'புனித மரியே'ன்னு பதில்தானே சொல்லணும்? பொத்தானை நல்லா அமுக்கிட்டுத்தான் சொன்னேன்."

"நீங்க ரிலேம்மா, கேட்டதைக் கடத்துற நிலையம்! ரிலே பதில் சொல்லாது!"

"ரிலேயா இருந்தா ஞானஸ்நானம் வாங்கலன்னு ஆயிடுமா?"

அற்புதராஜுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே நிம்மதியும் வந்தது. பிழை சூத்திரத்தில் இல்லை, பிலோமினம்மாளிடம்தான். பழக்க தோஷமுள்ள நிலையம் செய்தியைக் கடத்தாது, அதற்குப் பதில் சொல்லிவிடும் என்று பெயர் போட்டே ஓர் அடிக்குறிப்பு எழுதினால் கையெழுத்து கிடைத்துவிடும். பேனாவைத் திறந்துகொண்டு பிரிஜட்டிடம் திரும்பினார்.

"அப்ப உனக்கு 'புனித மரியே'தானே வந்துச்சு?"

"இல்லையே" என்றார் பிரிஜட். "வெறும் 'ஆமென்'தான் வந்துச்சு. ஐம்பத்து மூணு தடவையும்."

பிரிஜட்டுக்குச் செய்தி கடத்தும் இடத்தில் நின்றவர் அற்புதராஜ்.