கிரக்கல்பியில் ஒரு கிரக்கல்பி

கிரக்கல்பி என்ற குடும்பப் பெயரோடு இங்கிலாந்து முழுக்க ஏழு பேர்தான் இருந்தோம். நானும் என் சித்தப்பா நெவிலும் அதில் சேர்த்தி. லிங்கன்ஷயரில் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. பதினோரு வீடு, ஒரு சர்ச், ஒரு மதுக்கடை. ஹல் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கியே காலம் தள்ளிய சித்தப்பா, நுரையீரலில் புற்று என்று தெரிந்ததும் அந்த ஊரில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த என்னைத் தூங்கவிடாமல் அங்கே கார் ஓட்ட வைத்தார்.

சர்ச் நிர்வாகி பெரில், கல்லறைகளுக்கு நடுவே புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பேரே கிரக்கல்பிம்மா. இதுக்கு மேல என்ன அத்தாட்சி?" என்றார் சித்தப்பா.

"இங்க ஒரு கல்லுலகூட அந்தப் பேர் இல்லையே. உள்ளூர்க்காரனை எவனாவது ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவானா? உங்க முப்பாட்டன் இங்கிருந்து ஓடிப்போயிருக்கணும். போன இடத்துல கிரக்கல்பிக்காரன்னு கூப்பிட்டிருப்பாங்க."

"ஏன் ஓடணும்?"

"பன்னி திருடியிருப்பாரு. இல்ல, பொம்பள விவகாரம்."

பிரபு வம்சம் என்று சித்தப்பா பத்து வருஷமாக அளந்ததெல்லாம் வெட்டிய புல்லோடு போனது. நான் சிரித்துவிட்டேன்.

"பல்லைக் காட்டாதடா. நீயும் அதே பன்னித் திருடன் பரம்பரைதான்."

"இங்க குடியிருக்கணும், இல்ல இங்க சாகணும். அப்பதான் இடம்" என்றார் பெரில்.

"சரி, சாகுறேன்."

சித்தப்பா சர்ச் வாசல் பெஞ்சில் போய்ப் படுத்தார். நாற்பது நிமிடம் அசையவில்லை. மழை வந்தது. அதற்கும் அசையவில்லை. பிறகு மூத்திரம் வந்தது. எழுந்து மதுக்கடைக்கு ஓடினார். கடைக்குப் பின்னால் ஒரு பழைய கேரவன் சும்மா நின்றது. திரும்பி வரும்போது அதை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

ஐந்து மாதம் அதில் இருந்தார். ஒருவர்கூட அவரை கிரக்கல்பி என்று கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் விசாரித்தால், "யாரு, ஹல்காரரா? உள்ள டார்ட்ஸ் ஆடுறாரு" என்பார்கள்.

"என் சொந்த ஊர்லயே என்னை ஹல்காரன்ங்கிறானுங்கடா!" என்று பொருமுவார்.

அக்டோபரில் செத்தார். இடம் கொடுத்தார்கள். நெவில் கிரக்கல்பி என்று பெரிய எழுத்தில் கல்லில் வெட்டி வைத்தேன்.

மறு வசந்தத்தில் போனேன். பெரில் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தாமலே கத்தினார்:

"ஹல்காரர் பக்கத்துல பாத்து நடப்பா. மண்ணு இன்னும் அமுங்கல."