வலி நின்றபோது

"வலி நின்னுடுச்சு," என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார் அவர். "லிஃப்ட் நகந்துருச்சு போல."

லிஃப்ட் மெக்கானிக். வேலையில் சுருண்டு விழுந்தவரை வேலை உடுப்போடே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சட்டைக்கை தனக்குள்ளேயே புகுந்துகொள்வதுபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் போய்விட்டது என்று டாக்டரம்மா தன் கோட்டின் கையை மடித்துக் காட்டினார். உள்ளே இழுத்துக்கொண்டு போனது ஒரு கட்டி. பெரும்பாலும் புற்றுதான் என்றார்.

"நம்ம கேஸுதான் டாக்டர். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு." சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வலி வந்தது. வருவதும் போவதுமாகவே இருந்தது. இப்போது, ஆபரேஷன் தியேட்டர் ஒழியக் காத்திருக்கையில், ஒரேயடியாக நின்றுவிட்டது.

அவருடைய அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "வாய்வுதான்னு அப்பவே சொன்னேன்ல? வலியே இல்லாத வயித்த எதுக்குடா கிழிக்கணும்? கெளம்பு, வீட்டுக்குப் போலாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

குரலில் கெஞ்சல் இருந்தது. எத்தனை மாடி உயரத்திலும் கயிற்றைப் பிடித்துத் தொங்குபவர், ஊசியைக் கண்டால் நடுங்குவார்.

அவள் அவர் நெற்றியைத் தொட்டாள். ஜில்லென்று வேர்த்திருந்தது. வயிற்றில் கை வைத்தாள். பலகையாக இறுகியிருந்தது.

"ஆபரேஷன் பண்ணட்டும்," என்றாள்.

"உனக்கென்ன, சுலபமா சொல்லிடுவ. அவன்தானே..."

"நீங்க சும்மா இருங்க அண்ணி."

கல்யாணமான நாளிலிருந்து அண்ணியிடம் அவள் அப்படிப் பேசியதில்லை.

"ஆர்டர் போட்டாச்சுக்கா. மீற முடியுமா?" என்று சொல்லிவிட்டு அவர் குனிந்து சாக்ஸைக் கழற்றினார். வழக்கம்போல மேலிருந்து உருட்டி, பாதி உள்ளே, பாதி வெளியே.

"இதையாவது நேரா கழட்டக் கூடாதா?"

"அதுக்குத்தானே நீ இருக்க."

டாக்டரம்மா வந்தார். வயிற்றை ஒருமுறை அழுத்தினார். "வலி எப்ப நின்னுச்சு?"

"இப்பத்தான் டாக்டர். சுத்தமா இல்ல."

டாக்டரம்மா ஆளைக் கூப்பிடாமல் தானே கட்டிலைத் தள்ளத் தொடங்கினார்.

தியேட்டரிலிருந்து திரும்பி வந்தபோது டாக்டரம்மாவின் நடையில் அந்த அவசரம் இல்லை.

"குடல் முன்னாடியே வெடிச்சிருந்தது. அதனாலதான் வலி நின்ன மாதிரி இருந்திருக்கு. ஆபரேஷன் பாதியிலேயே இதயம் நின்னுடுச்சும்மா."

"நல்லாத்தானே பேசிட்டிருந்தான்," என்றாள் அண்ணி. டாக்டரம்மாவைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. "நடந்தே வீட்டுக்கு வந்திருப்பானே."

அந்த வயிற்றைத் தொட்ட கையை அவள் மூடிக்கொண்டாள்.

நர்ஸ் அவளிடம் ஒரு பையைக் கொடுத்தாள். சட்டை, பேன்ட், பாக்கெட்டில் கிடந்த ஸ்பேனர், சாக்ஸ். அவள் அதை வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சாக்ஸுக்குள் விரல் நுனிவரை கையை விட்டு இழுத்தாள். ஒரே இழுப்பில் நேராக வந்துவிட்டது.

மற்றதை எடுத்தாள். பாதி உள்ளே, பாதி வெளியே. கையை உள்ளே விடாமல், அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.