மூக்கை அடைத்த விமானம்

மூன்றாவது முறையும் இன்ஜின் நடுவானில் நின்றுவிட்டது. பாயான் லெப்பாஸ் விமானத் திடலின் ஓரத்தில், லாலாங் புல்லுக்குள் விமானம் விழுந்தது. ஆள் இல்லாத விமானம். இறக்கை இரண்டு ஆள் நீளம். ஜப்பானியர்கள் பீரங்கி சுட்டுப் பழகுவதற்காக, தரையிலிருந்து ரேடியோவால் ஓட்டுவது.

ஜப்பானிய அதிகாரி புல்லுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கமாலுதீனைக் காட்டி மலாயில் சொன்னார். நாளையும் நின்றால் இவன் கெம்பெய்த்தாய்க்குப் போவான். அந்த ராணுவப் போலீஸின் வாசலில் நுழைந்த யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

கமாலுதீன் டத்தோ கிராமாட் பக்கத்துப் பட்டறை ஃபிட்டர். நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவன் என்பதால் என்னையும் பிடித்து அவனோடு போட்டிருந்தார்கள். அவன் மனைவி ரொஸ்னாவுக்கு இது ஒன்பதாம் மாதம். என் மனைவி அருந்ததி, முதல் குண்டு விழுந்த அன்று காய்கறி வாங்க பசாருக்குப் போயிருந்தாள்.

இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது.

"காத்து பத்தலண்ணே. மூக்கு ஓட்டைய இன்னும் பெருசாக்குவோம்லா," என்றான் கமாலுதீன்.

"மூணு தடவையும் அதத்தானே செஞ்சோம், தம்பி."

முன்னால் நுழைந்த காற்று வெளியேற வழியில்லை. பக்கவாட்டுத் துளை மிகச் சிறியது. அதை வெட்டிப் பெரிதாக்கினால் போதும். ஆனால் அதைச் சுற்றித்தான் அதிகாரி தன் கையாலேயே ஜப்பானியக் கொடியின் சிவப்புச் சூரியனை வரைந்திருந்தார்.

"அதுல ரம்பம் வச்சா, நம்ம கழுத்துல வாள் வைப்பான்," என்றான் கமாலுதீன்.

மீதி ஒரே வழிதான். முன்வாயைத் தகரத்தால் பாதிக்குமேல் மூடுவது. நுழைகிற காற்று சிலிண்டரைச் சுற்றியுள்ள சூடாற்றும் செதில்களை உரசிக்கொண்டு மட்டுமே போகும்படி இருபுறமும் தடுப்பு வைப்பது.

"சூடு தணிக்க மூக்க அடைக்கிறீங்களே! என் மாமியாதான் இந்த மாதிரி வைத்தியம் பாக்கும்." சிரித்தான்.

பிஸ்கட் டின்னை வெட்டிப் பொருத்தினோம். காலையில் அதிகாரி குனிந்து பார்த்தார்.

"அங்கின் தூத்தூப்?"

காற்றை அடைக்கிறாயா? அவர் கை வாளின் பிடிக்குப் போயிற்று. இதற்கு ஒரே பெயர்தான்: நாசவேலை.

என் சட்டைப்பையில் ஊதுபத்தி இருந்தது. அருந்ததி படத்துக்கு வைப்பது. இப்போது கிடைப்பதே அரிது என்பதால் கூடவே வைத்திருப்பேன். ஒன்றைக் கொளுத்தினேன். கடற்காற்று விமானத்தின் முகத்தில் அடித்தது. தகரத்தைக் கழற்றிப் பத்தியைக் காட்டினேன். புகை உள்ளே போய்ச் சுழன்று அதே வாய் வழியாகத் திரும்பியது. தகரத்தை மாட்டிவிட்டு மறுபடி காட்டினேன். புகை நூலாக உள்ளே போனது. காணவில்லை. பிறகு சூரியனின் நடுவிலிருந்து வெளியே வந்தது.

அதிகாரி வாளின் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"பறக்கட்டும். விழுந்தால் இரண்டு பேரும் கெம்பெய்த்தாய்க்கு."

விமானம் எழும்பியது. முன்பெல்லாம் நின்றுபோன தென்னந்தோப்பின் மேல் வந்தது. கமாலுதீனின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. நான் சத்தத்தை மட்டும் கேட்டேன். அது அறுபடவில்லை. தோப்பைத் தாண்டித் திரும்பி, வட்டமடித்து, இறங்கியது.

"பாகுஸ்," என்றார் அதிகாரி. நல்லது. பிறகு, "சியாமில் இதேபோல் பல விமானங்கள் இருக்கின்றன. செய்தவன் இன்றே லாரியில் போகவேண்டும். யார் செய்தது?"

சியாம். அங்கே ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி ஊரில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

தகரத்தை வெட்டியதெல்லாம் கமாலுதீன். அவன் வாயைத் திறந்தான்.

"நான்," என்றேன்.

"இவன்?"

"தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்."

"உன் வீட்டில் யார்?"

"யாரும் இல்லை."

அதிகாரி போனார். கமாலுதீன் என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, என்ன காரியம் செஞ்சீங்க?"

"வீட்டுக்குப் போ. ரொஸ்னா காத்துக்கிட்டிருப்பா."

அருந்ததி போன பிறகு எனக்குப் பயம் என்று ஒன்று இல்லை என்றே நினைத்திருந்தேன். லாரியின் பின்கதவைத் திறந்தார்கள். ஏறக் காலைத் தூக்கப் பார்த்தேன். கால் எழும்பவில்லை.