அந்த அமிலம் நான்தான்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை, அண்ணியிடமிருந்து கேட்டு வாங்கியது. வானத்திலிருந்து விழுந்த கற்களைப் பொடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வகத்தில் அவருக்கு வேலை. துணி மடித்துக்கொண்டே சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா என்னை மேதை ஆக்கிடாத."

முதல் தொடக்கம்: 'பேரண்டத்தின் இருள்வெளியில், கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன்...' (ஓரத்தில் அண்ணியின் பென்சில்: "நீ அப்ப அங்க இருந்தியா?" அடித்துவிட்டேன்.)

2

ஆகவே நேராக ஆய்வகத்துக்கே போவோம். செவ்வாய்க்கிழமை காலை. அண்ணியின் முன்னால், கல்பொடியைச் சோதிக்கும் கருவியின் திரையில், வரைகோடு ஓரிடத்தில் கூர்முனையாக எழும்பி நின்றது. அலனின் என்ற அமினோ அமிலம்.* உயிர்களின் உடம்பைக் கட்டும் செங்கற்களில் ஒன்று, ஒரு விண்கல்லுக்குள்! இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை வரும்படி செய்தியாளர்களுக்குச் சொல்லியாயிற்று.

(* பெயரைக் கண்டு மிரள வேண்டாம். செங்கல் என்று நினைத்துக்கொண்டால் போதும்.)

அண்ணிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. இந்தச் செங்கல் கையுறை மாதிரி இரண்டு வகை: இடக்கை, வலக்கை. விண்வெளியில் உருவாகியிருந்தால் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி இருக்கும். உயிருள்ள உடம்பிலிருந்து வந்திருந்தால் அநேகமாக எல்லாமே இடக்கைதான். திரையில் இருந்ததெல்லாம் இடக்கை.

யாருடைய உடம்பு?

3

இங்கே ஒரு வில்லனை நுழைக்கப் பார்த்தேன். பொறாமை பிடித்த சக ஊழியர், முறுக்கிய மீசை, கையில் ஒரு... வேண்டாம். நடந்தது வேறு. கல்பொடிக் குப்பி திறந்திருந்த நேரத்தில் இயக்குநர் வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்லியிருக்கிறார். அண்ணி முகக்கவசத்தை இறக்கிவிட்டு, குப்பிக்குள் எச்சில் தெறிக்க, வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். அவ்வளவுதான்.

இதை அவர் வியாழன்வரை யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். (கதாநாயகிமேல் எனக்கே சந்தேகம் வந்த இடம் இது. "இதை விட்டுடட்டுமா அண்ணி?" "விடாத. அந்த ரெண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கல.")

வியாழன் மாலை இயக்குநரின் அறைக்குப் போனார்.

"சார், அது நான்தான்."

"எது?"

"அந்த அமிலம்."

எல்லாவற்றையும் சொன்னார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"அப்ப சிரிக்க வச்ச நானும்தானே குற்றவாளி?"

"ஆமா சார். அதுவும் பழைய ஜோக்."

செய்தியாளர்களுக்கு இயக்குநரே போன் செய்தார். "கூட்டம் ரத்துங்க. இப்போதைக்கு நாங்க கண்டுபிடிச்சது எங்க ஊழியரைத்தான்."

4

கல்லில் மிச்சமிருந்தது துவரம்பருப்பு அளவு. வாயைத் திறக்காமல், மூச்சைக்கூட அளந்து விட்டு, மறுபடி செய்தார்கள். இந்த முறை கூர்முனை மிகச் சின்னது. ஆனால் இடக்கையும் வலக்கையும் சரிபாதி. அண்ணி கையுறையைக் கழற்றி வைத்தார், மாடிப்படிக்கு ஓடினார், "ஐயோ!" என்று கத்தினார். சந்தோஷத்தில்தான்.

'ஆக, நாமெல்லாம் விண்மீன்களின் பிள்ளை...' (பென்சில்: "செங்கல் இருந்துச்சு. வீட்டை யார் கட்டினாங்கன்னு யாருக்குத் தெரியும்?")

ஒரு முறை பார்த்தது போதாது. இங்கே கல் தீர்ந்துவிட்டது. அதே கல்லின் இன்னொரு துண்டு வேறோர் ஆய்வகத்தில் இருக்கிறது. அவர்களும் பார்த்துச் சொல்லட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ரெண்டு மாதமாகப் பதில் இல்லை.

"கவலையா இல்லையா அண்ணி?"

"அந்தக் கல்லு நானூத்தைம்பது கோடி வருஷமா சும்மாதானே கெடந்துச்சு. இன்னும் ரெண்டு மாசம் கெடக்கட்டுமே."

பதில் வரும்வரை கதையை நிறுத்திவைக்க எனக்குப் பொறுமை இல்லை. என்ன பதில் வர வேண்டும் என்பது என் ஆசையோ, அதை இங்கே எழுதியிருந்தேன். அண்ணி அடித்துவிட்டார். அளக்கிறவர்கள் ஆசைப்படக் கூடாதாம், அவர்கள் வீட்டு ஆட்களும் கூடாதாம்.

நீங்கள் எதையும் அளக்கவில்லையே. தாராளமாக ஆசைப்படுங்கள்.